உடன் உண்பதே ஊழியத்தின் தொடக்கம்

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதவர் இல்லை. அந்த மிஷனின் பிறப்பில் ஒரு சாதி வழக்கு இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், பறையர் சமைத்ததை உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகார் என்று முடிவெடுத்தார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதியை ஊர்வழக்கமாகக் கருதி, மெல்ல மறையட்டும் என்றது. அதை ஏற்காமல் வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த வேர்தான் திருவண்ணாமலை வரை ஓடியது. இன்று அது ஆற்காடு லுத்தரன் திருச்சபை; அதில் பெரும்பான்மையோர் தலித் மக்கள்.

வெள்ளைக்காரர் வந்துதான் எல்லாம் நடந்தது என்றும் எண்ண வேண்டாம். குமரி மாவட்டத்து மயிலாடியில், பறையர் குலத்தில் பிறந்த மகராசன் வேதமாணிக்கம் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, ஊர் திரும்பி உறவினருக்குச் சொன்னார். அவர் அழைத்த பிறகே 1806இல் ரிங்கல்தௌபே அங்கே வந்தார். மிஷனரிக்கு முன்பே ஊழியம் தொடங்கிவிட்டது, தொடங்கியவர் நம்மவர்.

கிறிஸ்தவ இளைஞர்களே, ஊழியத்துக்கு வாருங்கள் என்று நாம் அழைப்பது இந்த மரபுக்குத்தான். சேரிக்குப் போகிறவர் அங்கே உட்கார்ந்து உண்ணட்டும். சேரியிலிருந்து புறப்படுகிறவருக்கு எல்லாச் சபைகளும் பிரசங்க மேடையைத் திறக்கட்டும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பியவர்களும் கிறிஸ்தவர்களே. முதலில் நற்செய்தி போக வேண்டிய இடம் அதுதான்.