புண்ணோனும் உறையுளும்: போர் மீண்ட மறவர் நிலை பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித்திணைக்குரிய துறைகளைத் தொகுத்துரைக்குமிடத்துப் பேய்ப்பக்கம் என ஒரு துறை கூறப்படுகின்றது. போரிற் புண்பட்டுக் கிடக்கும் மறவன் ஒருவனைக் காத்தற்குரிய சுற்றத்தார் எவரும் அருகில் இலர். அந்நிலையில் பேயே அவனைக் காத்து நிற்கின்றது. இதுவே அத்துறையின் பொருள். புறப்பொருள் வெண்பாமாலையிலும் பேய்நிலை என்னும் பெயரால் இக்கருத்துத் தொடர்ந்து வருகின்றது. வகுப்பில் இத்துறையைப் பாடஞ் சொல்லுங்கால், பழங்கால நம்பிக்கை ஒன்றன் எச்சம் எனக் கூறிவிட்டு மேற்செல்லுதல் நம்மனோர் வழக்கம். ஆயினும், இலக்கண நூலார் ஒருவர் இதனைத் தனித்துறையாக வகுத்தார் எனின், பாடற்குப் பொருளாகும் அளவுக்கு அந்நிலை உலக வழக்கில் நிகழ்ந்ததாதல் வேண்டும். பேய் என்பது கற்பனையாகலாம். காப்பாரின்றிக் கிடந்த மறவன் கற்பனையாகான்.

இறந்த மறவனுக்குக் கல்லும் நிலமும் அளித்த சமுதாயம், இறவாது மீண்ட மறவனுக்கு யாது செய்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் களன். முதற்கண் நம் இலக்கியமும் கல்வெட்டும் தரும் சான்றுகளையும், பின்னர்ப் பிறநாட்டு வரலாறு தரும் சான்றுகளையும் ஆராய்வாம்.

1. இல்லமும் களமும்

பேய்ப்பக்கத்தை அடுத்துத் தொல்காப்பியர் கூறும் துறைகளுள் தொடாக்காஞ்சி என்பது ஒன்று. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தல் அதன் பொருள். அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுகின்றனர், யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு சிதறப்படுகின்றது, மணி அடிக்கப்படுகின்றது, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது, மனையெங்கும் நறும்புகை கமழ்கின்றது. தலைவி தன் தோழியையும் துணைக்கு அழைக்கின்றாள்.

இவ்விரு துறைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டிலும் மறவன் ஒருவனே, புண்ணும் ஒன்றே, பேயும் உண்டு. வேறுபாடு எங்குளது? ஒருவனுக்கு மனையும் சுற்றமும் உள்ளன; மற்றவனுக்கு அவை இல்லை. மனையுள்ளவனிடத்துப் பேய் தடுத்து நிறுத்தப்படுகின்றது. மனையில்லாதவனுக்கு அப்பேயே துணையாகின்றது. புண்ணுற்றவனுக்கு முதல் மருந்து உறையுளும் உடனிருப்பாரும் என்னும் உண்மை இத்துறைகளின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கின்றது எனலாம்.

2. பாசறையில் அரசன்

புண்பட்டாரை அரசர் புறக்கணித்தனர் என்று கூறுதல் பொருந்தாது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக்காற்று வீசும் நள்ளிரவிலும் மன்னன் துயிலாது பாசறையிற் சென்று, விழுப்புண் பட்ட மறவரைக் கண்டு வருகின்றான். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலும், முன்னாட் போரிற் புண்ணுற்ற களிறுகளையும் மறவரையும் நினைந்து மன்னன் உறக்கமின்றி வருந்துகின்றான். தலைவன் தன் படைஞர்பாற் கொண்ட கடப்பாட்டை இப்பகுதிகள் ஐயமறக் காட்டுகின்றன.

எனினும், இக்கடப்பாடு பாசறை கலையும் வரையில்தான் பாட்டில் வருகின்றது. பாசறை கலைந்த பின்னர்க் கையிழந்தவனும் காலிழந்தவனும் எவ்வூர் சென்றனர், யார் இல்லில் தங்கினர் என்பவற்றைப் பாட்டு கூறவில்லை. பாட்டிற் கூறப்படாமையால் வாழ்விலும் இல்லை என முடிவு கட்டுதல் ஆராய்ச்சி நெறியன்று. ஆயினும், எதனைப் பாடத்தக்கதெனப் புலவர் கருதினர் என்பதை அறிதற்கு அம்மௌனமும் ஒரு சான்றாகும்.

3. கல்லும் நிலமும்

உயிருடன் உள்ள மறவர்க்கும் நிலம் வழங்கப்பட்டதுண்டு. தண்ணடை எனப்படும் மருதநிலத்து ஊர்களை மறவர் பெறுதல் புறப்பாட்டிற் பேசப்படுகின்றது. ஆனால், 287ஆம் பாட்டு அக்கொடையைப் பேசும் முறை கருதத்தக்கது. தண்ணடை பெறுதலால் ஆவதென்ன, களத்தில் வீழ்ந்தால் மேலுலக மகளிரை மணக்கலாமே என்பது அப்பாட்டின் கருத்து. வாழ்பவன் பெறும் ஊரினும் வீழ்ந்தவன் பெறும் உலகம் உயர்ந்தது என மறவர்க்கு ஊட்டப்பட்டது. போருக்கு முன் இவ்வுரை ஊக்கந் தரும். போருக்குப் பின், வீழாது மீண்டவன் இவ்வளவுகோலால் அளக்கப்படும்போது குறைந்தவனாகத் தோன்றுவான் அல்லனோ?

கல்வெட்டுச் சான்றுகளும் இப்போக்கையே காட்டுகின்றன. நடுகல் அமைத்தலின் படிகளைத் தொல்காப்பியம் முறையாக வகுத்துரைக்கின்றது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையன. செங்கம் பகுதி நடுகற்கள் 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறையால் தொகுத்து வெளியிடப்பெற்றன. இவ்வகைக் கல்வெட்டுகளில் வரும் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் சொற்கள், குருதி சிந்தி இறந்தவன் பொருட்டு அவன் வழியினர்க்கு அளிக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பன. அரசோ ஊரோ தன் கடனை உணர்ந்து, கல்லில் எழுதி, கொடையை நிலைபெறச் செய்த இம்முறை பாராட்டற்குரியது. ஏனாதி முதலிய சிறப்புகள் படைத்தலைவர்க்கு உரியவாயின. இறந்தவனுக்கும் தலைவனுக்கும் இங்ஙனம் வழியுண்டு. இறவாத எளிய மறவனுக்கு உதிரப்பட்டி போன்ற வரையறுத்த பெயருடைய முறை ஒன்று நம் சான்றுகளில் அத்துணைத் தெளிவாகப் புலப்படவில்லை. பேய்ப்பக்கத்தின் மறவன் நிற்குமிடம் இதுவே.

4. உரோமும் இங்கிலாந்தும்

இக்குறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 133இல் உரோமில் மக்கள் தலைவராயிருந்த டைபீரியசு கிராக்கசு, இத்தாலிக்காகப் போரிட்டவர் வீடும் நிலமும் இன்றி மனைவி மக்களுடன் அலைகின்றனர் என வாதிட்டதாகப் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். நிலப்பங்கீட்டுச் சட்டம் கொணர்ந்த அவர் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார். பின்னர், கி.பி. 6இல் அகசுடசு படைஞர்க்கெனத் தனிக் கருவூலம் அமைத்து, மரபுரிமைச் சொத்தின்மீது நூற்றுக்கு 5, ஏல விற்பனையின்மீது நூற்றுக்கு 1 என வரி விதித்தார். படைத்தலைவனின் தனிக்கொடையாக இருந்தது அரசின் நிலையான கடனாக மாறியது இதனால் ஆகும்.

இங்கிலாந்தில் 1593ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பிழந்த படைஞரைப் பேணுதற்கு ஒவ்வொரு திருச்சபை வட்டமும் பணம் திரட்ட வேண்டும் என விதித்தது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1670இலும், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு 1682இலும் முதிய படைஞர்க்கு உறைவிடங்கள் நிறுவினர். ஆயினும், நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்து படைகள் கலைக்கப்பட்ட பின், வேலையற்றோர் பெருகிய சூழலில், 1824இல் இயற்றப்பட்ட சட்டம் வெளியிடங்களில் உறங்குதலையே குற்றமாக்கியது. நாட்டைக் காத்தவனே ஆயினும் கூரையின்றிக் கிடப்பின் தண்டத்துக்குரியவன் ஆயினான். கருணையும் தண்டமும் ஒரே சமுதாயத்தில் அருகருகே நின்றமையை இது காட்டும்.

5. அமெரிக்க நாட்டின் பாடம்

இப்பொருளின் முழு வளர்ச்சியையும் அமெரிக்க வரலாற்றிற் காணலாம். முதல் உலகப்போரில் பணியாற்றியவர்க்கு ஈட்டுத்தொகை வழங்க 1924இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பெரும்பாலோர்க்கு அத்தொகை 1945இல்தான் கைக்கு வரும் என வரையறுக்கப்பட்டது. பொருளாதார வீழ்ச்சியால் வேலையும் வீடும் இழந்த முன்னாட் படைஞர், 1932இல் பல்லாயிரவராய்த் திரண்டு வாசிங்டன் நகரை அடைந்து, அனகோசுடியா ஆற்றங்கரையில் பலகையாலும் தகரத்தாலும் குடிசை அமைத்துத் தங்கினர். தொகையை உடனே வழங்கும் சட்ட முன்வரைவைக் கீழவை ஏற்றது. மேலவை சூன் 17இல் தள்ளியது. சூலை 28இல் காவலரால் முன்னாட் படைஞர் இருவர் சுடப்பட்டு இறந்தனர். அன்றே தளபதி மெக்கார்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் ஏவப்பட்டன, கண்ணீர்ப் புகை வீசப்பட்டது, குடிசைகள் எரிந்தன. ஒரு நாட்டின் படை அந்நாட்டின் பழைய படைஞரையே அவர்தம் குடிசையினின்று துரத்திய நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சி நாட்டின் மனச்சான்றை உறுத்தியது. 1936இல், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி, ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. 1944 சூன் 22இல் கையெழுத்தான சட்டம், இரண்டாம் உலகப்போரினின்று மீள்வோர்க்குக் கல்வி, வேலையில்லாக் காலத்து உதவி, வீடு வாங்கக் கடன் உறுதி ஆகியவற்றை அளித்தது. கறுப்பின மறவருட் பலர்க்கு அவ்வீட்டுக்கடன் கிட்டாதவாறு இனவேற்றுமை தடுத்தது என்பதையும் மறைத்தலாகாது. வியட்நாம் போருக்குப் பின் வீடற்ற முன்னாட் படைஞர் மீண்டும் தெருக்களிற் காணப்பட்டனர். 1992இல் தொடங்கி 2008இல் விரிவாக்கப்பட்ட திட்டமொன்று, வாடகை உதவியையும் மருத்துவ, நலப்பணியாளர் துணையையும் ஒருங்கே வழங்கியது. குடியையோ மனநோயையோ ஒழித்து வந்த பின்னரே வீடு என்னும் பழைய முறை தளர்ந்து, முதலில் வீடு, பின்னர் மருத்துவம் என்னும் முறை வலுப்பெற்றது. 2010இல் ஓரிரவுக் கணக்கெடுப்பில் 74,000க்கு மேற்பட்ட முன்னாட் படைஞர் வீடற்றிருந்தனர். 2024இல் அத்தொகை 33,000க்கும் சற்றுக் குறைந்தது. எஞ்சியோர் தொகை சிறிதன்று. ஆயினும், தீராத இயற்கைத் துன்பம் எனக் கருதப்பட்ட ஒன்று கொள்கையால் குறையக்கூடியது என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

6. நம் நாடும் முடிவுரையும்

நம் நாட்டில் 1949 முதல் திசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொள்ளப்பட்டு, படைஞர் நலனுக்கு நிதி திரட்டப்படுகின்றது. முன்னாட் படைவீரர் நல அலுவலகங்கள் மாவட்ட அளவிற் பணியாற்றுகின்றன. ஆயினும் நம் வரலாற்றிலும் ஒரு பேய்ப்பக்கம் உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் சேர்ந்தனர், மகளிரும் சேர்ந்தனர். பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து அதில் இணைந்தவர்கள் விடுதலைக்குப் பின் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலை வீரர்க்கான ஓய்வூதியத் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது 1972இலேயே ஆகும். விடுதலைக்கும் அதற்கும் இடைப்பட்ட 25 ஆண்டுகள் ஒரு மனிதனின் உழைக்கும் வாழ்நாளிற் பெரும்பகுதி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, வீழ்ந்த மறவனைப் போற்றும் மரபு எங்கும் எளிதில் வேரூன்றுகின்றது. மீண்ட மறவனைப் பேணும் மரபு சட்டத்தாலும் நிதியாலும் வலிந்து உருவாக்கப்படுகின்றது. மற்றொன்று, அப்பேணுதல் உறையுளிலிருந்து தொடங்குமிடத்தே பயன் தருகின்றது. கல்லுக்கு நாம் ஒருமுறை கடன்பட்டு ஒருமுறை தீர்க்கலாம். மூச்சுள்ள மனிதனுக்குப் பட்ட கடன் அவன் வாழ்நாள் அளவும் நீள்வது. அதனாலேயே சமுதாயம் அதனைத் தட்டிக்கழிக்க முற்படுகின்றது போலும்.

தொல்காப்பியர் கூறிய காக்கும் சுற்றம் என்பது பழங்காலத்தில் குருதியுறவைக் குறித்திருக்கலாம். எவன் பொருட்டுப் போர் நடந்ததோ அவனே சுற்றத்தான் எனக் கொள்ளின், இன்று அச்சுற்றம் நாட்டு மக்கள் அனைவருமே ஆவர். அவர்கள் வாராதொழியின், புண்ணோனுக்கு அருகிருக்கப் பேயன்றி வேறு துணை இல்லை.