தோட்டாவில் குண்டு ஒரு ஏடிஎம் கார்டு தடிமன் உள்ளே போனால் என்ன ஆகும்?

ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். 9 எம்எம் பிஸ்டல் தோட்டாவில் குண்டை அந்த அளவு மட்டும் கூடுதலாக உள்ளே தள்ளி, அமெரிக்காவின் ஸ்பியர் நிறுவனம் சோதித்துப் பார்த்தது. குண்டும் மருந்தும் மாறவில்லை. ஆனால் அழுத்தம் 28,000-லிருந்து 62,000-க்கு எகிறியது. செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளக்கும் பழைய முறையின் எண்கள் இவை. அந்த முறையில் 9 எம்எம் தோட்டாவுக்கான உச்சவரம்பே 33,000தான்.

ஏன் இவ்வளவு?

பித்தளை உறைக்குள் மருந்து போக மிஞ்சும் காலி இடம்தான் காரணம். 9 எம்எம் உறை ரொம்பச் சின்னது. குண்டின் அடிப்பகுதி கொஞ்சம் இறங்கினாலும் அந்த இடத்தில் பெரிய பங்கு போய்விடும். சின்ன இடத்தில் வாயு சேர்ந்தால் அழுத்தம் கூடும், சரி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. துப்பாக்கி மருந்துக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தம் ஏறினால் இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு குழலுக்குள் நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் இந்தச் சுழற்சி கைமீறிப் போகலாம். உறை கிழியலாம், துப்பாக்கியே உடையலாம்.

அப்போ வேகமும் இரட்டிப்பாகுமா? ஆகாது. குண்டின் வேகத்தை முடிவு செய்வது ஒரு கணத்து உச்ச அழுத்தம் அல்ல, குழல் நெடுக அது வாங்கும் மொத்தத் தள்ளு. அதனால் வேகம் ஓரளவுதான் கூடும். வேகமானியை மட்டும் நம்பினால் ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது.

ரைஃபிளில் தலைகீழ்

ரைஃபிள் தோட்டாவில் உறை பெரியது, மருந்தும் பெரும்பாலும் மெதுவாக எரியும் ரகம். இங்கே குண்டு வெளியே நீட்டிக்கொண்டு, குழலின் உட்பக்கத் திருகு வரிகளைத் தொட்டபடி இருப்பதுதான் சிக்கல். ஓடிவந்து மோத இடமில்லாமல், நின்ற இடத்திலிருந்தே வரிகளுக்குள் அது நெரிந்து நுழைய வேண்டும். அழுத்தம் சட்டென ஏறும். கொஞ்சம் உள்ளே தள்ளி இடைவெளி விட்டால் அழுத்தமும் வேகமும் சற்றுக் குறையும். ரொம்பத் தள்ளினால் காலி இடம் சுருங்கி, மறுபடி ஏற ஆரம்பிக்கும்.

இதற்காக ஆழமாக வைப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில், .32 வாட்கட்டர் தோட்டா பிரபலம். அதில் தட்டை முகக் குண்டு முழுசாக உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு ஏற்றபடி மருந்து மிகக் குறைவாகப் போடப்படுகிறது.

டெல்லியில் யாருக்கு இது முக்கியம்?

சுட்ட உறையில் புது மருந்தும் குண்டும் வைக்கும் ஹேண்ட்லோடிங், அமெரிக்காவில் வார இறுதிப் பொழுதுபோக்கு. இங்கே கதை வேறு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. துக்ளகாபாத்தின் கர்ணி சிங் மைதானத்தில் பயிற்சி எடுக்கும் பெரும்பாலானோருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஏர் ரைஃபிளில் மருந்தே இல்லை; .22 ரிம்ஃபயர் தோட்டா மறுபடி நிரப்புவதற்கானதும் அல்ல.

ஆனால் ஆலையில் சரியாகச் செய்த தோட்டாவிலும் குண்டு உள்ளே போகலாம். கிட்வாய் நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் பிஸ்டலோடு நிற்கும் பாதுகாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பணி தொடங்கும்போது தோட்டாவை ஏற்றி, முடியும்போது இறக்கி, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவார். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு, சேம்பருக்குப் போகும் சரிவில் இடிக்கிறது. பல நாள் இடித்தால் குண்டு மெல்ல உறைக்குள் இறங்கும்.

ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாமல் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. இறக்கியதை அதே ரகப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையானது கண்ணுக்கே தெரியும். அதைச் சுடக் கூடாது, இழுத்துச் சரி செய்யவும் கூடாது. ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.