இருக்கையில் அமராத பார்வையாளர்கள்



நாடகம் காணச் செல்லும் பிள்ளைக்கு நாம் முதலில் இரண்டு கட்டளைகள் இடுகிறோம். அசையாமல் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இவ்விரண்டும் மலையைப் புரட்டுவதற்கு ஒப்பானவை. ஆகவே அக்குழந்தை மட்டுமன்று, அதன் தாய், தந்தை, உடன்பிறந்தோர் யாவருமே நெடுங்காலம் அரங்கிற்கு வெளியே நின்றனர். அவர்களுக்காக அரங்கின் கதவு திறக்கப்பட்ட வரலாறு அதிகம் பேசப்படாத ஒன்று. ('மதியிறுக்கம்' என்னும் சொல்லும் நம்மிடையே வழங்குகிறது. அக்குழந்தைகளின் மதி இறுகியிருப்பதாக நான் கருதவில்லை. எனவே இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.)

அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை 1943ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கருத்து மேலோங்கி நின்றது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அப்பழியை ஊரறியச் செய்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் அக்கருத்தை மறுத்து எழுதிவிட்டார். ஆயினும் பழி எளிதில் நீங்கவில்லை. இருண்ட அரங்கில் பிள்ளை கூச்சலிட, நூறு தலைகள் திரும்பும் வேளையில், அத்தாயின் மீது விழுவது அந்தப் பழைய பார்வைதான்.

1981இல் இலண்டனில் டிம் வெப், கிளேர் டி லூன், மேக்ஸ் ரெயின்ஹார்ட் ஆகிய மூவரும் 'ஆயிலி கார்ட்' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். ஐந்து வயதிற்குட்பட்ட மழலையருக்கு நடிப்பதே அவர்களின் முதல் நோக்கம். 1988ஆம் ஆண்டில் சிறப்புப் பள்ளி மாணவர்களுக்காகவும் நாடகம் படைக்கத் தலைப்பட்டனர். மேடையில் நின்று வசனம் பேசுவது அங்கே பயன்படவில்லை. ஆதலால் மேடையையே கைவிட்டனர். ஒரு காட்சிக்குச் சில குழந்தைகள் மட்டும். ஒவ்வொருவர் அருகிலும் ஒரு நடிகர். நீர், நறுமணம், துணியின் மென்மை, இசையின் அதிர்வு ஆகியவையே வசனங்கள். குழந்தையின் பெயரை வைத்தே பாடுவார்கள். குழந்தை முகம் திருப்பிக்கொண்டால் அதையும் ஒரு பதிலாக ஏற்று, நடிகர் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்வார். பின்னாளில் நீச்சல் குளத்திற்குள்ளும் குதிக்கும் விரிப்பின் மீதும் நாடகம் நடத்தினர். 2009இல் 'ஓக்கம்ஸ் ரேசர்' என்னும் சர்க்கஸ் குழுவுடன் இணைந்து, குழந்தைகளை ஊஞ்சல் போன்ற இருக்கைகளில் அமர்த்தி, கலைஞர்களை அவர்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் ஆடச் செய்தனர். அசைவதையும் ஆடுவதையும் விரும்பும் பிள்ளையை அடக்காமல், இருக்கையையே ஆட வைத்த அறிவை என்னென்பது!

மற்றொரு வழி நடிகை கெல்லி ஹண்டர் வகுத்தது. ஷேக்ஸ்பியரின் கவிதையில் இதயத் துடிப்பின் சந்தம் உள்ளது என்று கண்ட அவர், நடிகர்களும் குழந்தைகளும் வட்டமாக அமர்ந்து, நெஞ்சில் கை தட்டி அச்சந்தத்தில் வணக்கம் சொல்லும் விளையாட்டில் தொடங்கினார். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் மிராண்டா காலிபனுக்குப் பேசக் கற்பிக்கும் பகுதியும் அவரிடம் ஒரு விளையாட்டாயிற்று. இந்நாடகம் 2014இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணையுடன் அரங்கேறியது. பிள்ளைகளின் பழகுந்திறனில் முன்னேற்றம் தெரிந்ததாக அப்பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூறினர். அது சிறிய ஆய்வு. அதனைக் கொண்டு பெரிய முடிவுகளுக்கு வருதல் தகாது.

கெண்ட் பல்கலைக்கழகத்திலும் 2011 முதல் 2014 வரை இத்தகையதொரு முயற்சி நடைபெற்றது. காடு, கடலடி, விண்வெளி என அமைக்கப்பட்ட சிறு கூடாரங்களுக்குள் குழந்தைகள் நடிகர்களோடும் பாவைகளோடும் விளையாடினர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாடகம் பிள்ளையைத் திருத்தும் மருந்தா, அல்லது மற்றப் பிள்ளைகளைப் போல் அதுவும் சுவைக்க வேண்டிய கலையா? மருந்து என்றால் நிதி கிடைப்பது எளிது. அறிக்கையில் எண்களைக் காட்டலாம். ஆனால் நம் வகுப்பில் உள்ள ஏனைய பிள்ளைகள் நாடகம் பார்த்துவிட்டு வந்தால், 'எத்தனை விழுக்காடு முன்னேறினாய்?' என்றா கேட்கிறோம்? நான் ஆயிலி கார்ட்டின் பக்கமே நிற்கிறேன். முன்னேற்றம் வந்தால் மகிழ்ச்சி. வராவிடினும் அக்குழந்தைக்கு அந்த ஒரு மணி நேர இன்பம் உரியது.

பெரிய அரங்குகள் சற்றுத் தாமதமாகவே விழித்துக்கொண்டன. 2011 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கின் பிராட்வேயில் 'தி லயன் கிங்' ஆட்டிசக் குடும்பங்களுக்கென்றே நடத்தப்பட்டது. தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்னும் அமைப்பு அரங்கின் எல்லா இருக்கைகளையும் வாங்கிக் குறைந்த விலைக்கு அளித்தது. பேரொலிகள் தணிக்கப்பட்டன, கண்ணைப் பறிக்கும் மின்னொளி நீக்கப்பட்டது. வெளிக்கூடத்தில் அமைதியாக இளைப்பாற இடம் இருந்தது. அரங்கில் என்ன காணப்போகிறோம் என்பதைப் படங்களுடன் விளக்கும் குறிப்பும் முன்கூட்டியே வழங்கப்பட்டது. (நம் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒலிபெருக்கியை முழு அளவில் திருகி வைக்கும் அன்பர்கள் கவனிப்பார்களாக. ஒலியைக் குறைக்கப் பணம் எதுவும் செலவாவதில்லை.) தொடர்ந்து பிரிட்டனிலும் 'இளைப்பாறிய காட்சிகள்' என்னும் பெயரில் இவ்வழக்கம் பரவியது. எழலாம், நடக்கலாம், ஒலி எழுப்பலாம், வெளியே சென்று மீண்டும் வரலாம். இக்காட்சிகளில் நாடகம் பெரும்பாலும் பழைய நாடகமே, விதிமுறைகள்தாம் தளர்ந்தன. ஆயிலி கார்ட் செய்ததோ நாடகத்தையே அக்குழந்தைக்காகப் புதிதாகப் படைத்தது. இரண்டும் ஒன்றல்ல, இரண்டும் வேண்டும்.

செலவும் ஒரு சிக்கல்தான். ஆறேழு பிள்ளைகளுக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நடிகர்கள் என்றால், நுழைவுச்சீட்டுப் பணம் எம்மட்டில்? பொது நிதியும் நன்கொடையும் இன்றி இக்கலை ஒரு நாளும் நடவாது. ஆயினும் 2018இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர், ஆட்டிசக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு நாடக விழாவையே நடத்திக் காட்டியது.

2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டன. தொட்டுணர்வையே மொழியாகக் கொண்ட கலைக்கு அதனினும் பெரிய இடர் ஏது? ஆயிலி கார்ட் குழுவினர் நாடகத்தைப் பொட்டலங்களாகக் கட்டிக் குடும்பங்களின் வீட்டிற்கே அனுப்பினர். தொடவும் கேட்கவும் உரிய பொருள்கள் அவற்றில் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளையோடு அமர்ந்து அந்த நாடகத்தை நடத்தியவர்கள் பெற்றோர்களே.