கரையாமை எந்த நீரில்? நுண்நெகிழி வரையறையும் பாவுக் கஞ்சியும்

2024 மார்ச்சில் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் நுண்நெகிழிக்குத் தரும் வரையறை மிகச் சுருக்கமானது. நீரில் கரையாத, திண்மமான, 1 மைக்ரானுக்கும் 1,000 மைக்ரானுக்கும் இடைப்பட்ட பிளாஸ்டிக் துகள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. எந்த வெப்பநிலை நீர், எவ்வளவு நேரம், லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை. இந்த இடைவெளியை ஒரு சாரார் பலபடியின் பெயரைக் கொண்டே நிரப்பி வந்திருக்கிறார்கள். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலியஸ்டர், நைலான் ஆகியவை கரையாதவை. பாலிவினைல் ஆல்கஹால் (பிவிஏ) கரைவது, ஆகவே வரையறைக்கு வெளியே. கரையாமை வேதியியல் உட்கூறில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இந்தப் பாகுபாட்டின் அடிப்படை. நெசவுக்கு முன் பாவு நூலுக்கு இடும் கஞ்சியிலும் பிவிஏ சேர்வதுண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்களில் இந்த அடிப்படை நிற்காது என்பது என் வாதம்.

பாலிவினைல் ஆல்கஹாலை அதன் ஒற்றைப்படியிலிருந்து நேரடியாகச் செய்ய முடியாது. வினைல் ஆல்கஹால் நிலைத்திராமல் அசெட்டால்டிஹைடாக மாறிவிடும். எனவே வினைல் அசிட்டேட்டைப் பலபடியாக்கி, பிறகு அசிட்டேட் தொகுதிகளை நீக்கி ஹைட்ராக்சில் தொகுதிகளாக்குகிறார்கள். தொடக்கப் பொருளான பாலிவினைல் அசிட்டேட் நீரில் கரையாது. அசிட்டேட் குறையக் குறையக் கரைதிறன் கூட வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 87 முதல் 89 விழுக்காடு வரை நீக்கப்பட்ட வகை அந்த எதிர்பார்ப்பைக் காப்பாற்றுகிறது. குளிர்ந்த நீரிலேயே கரையத் தொடங்குகிறது. ஆனால் 98 விழுக்காட்டைத் தாண்டிய வகை, நீரை நாடும் தொகுதிகள் ஏறத்தாழ முழுமையாக இருந்தும், 90 பாகை செல்சியசுக்கு அருகே சூடாக்காமல் சரியாகக் கரைவதில்லை. ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரோடு பிணைவதற்கு முன்பே ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிப் படிகமாகிவிடுகின்றன. முதலில் சொன்ன வகையில் எஞ்சியிருக்கும் சில அசிட்டேட்டுகள்தாம் அந்த இறுக்கத்தைக் குலைக்கின்றன.

உட்கூறு மட்டும் கரைதிறனைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பொருள் பட்ட சூடும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கஞ்சி நீக்குமுன் பாலியஸ்டர்-பருத்தித் துணியை வெப்பத்தால் நிலைப்படுத்தினால், பிவிஏவின் படிகத்தன்மை கூடி அதைக் கழுவி எடுப்பது கடினமாகும் என்பது துணிப் பதனீட்டுக்காரர்கள் அறிந்ததே. வேதியியல் வாய்பாடு மாறவில்லை, கரைதல் மாறிவிட்டது.

விசைத்தறித் தொழிலில் பருத்திப் பாவுக்கு மாவுச்சத்துக் கஞ்சியும், பாலியஸ்டர் கலந்த பாவுக்குப் பிவிஏ சேர்ந்த கலவையும் பொதுவான வழக்கம். காய்ந்த கஞ்சி நூலின் மேல் மென்படலமாக நிற்கிறது. விழுதிலும் அச்சிலும் பாவு உராயும்போது அந்தப் படலம் செதிள்களாக உதிர்ந்து பஞ்சோடு சேர்ந்து தறியின் அடியில் விழுகிறது. இந்தத் தூசைக் கணக்கில் எடுக்காததே, கரைவது என்று பிவிஏவை விலக்கிய முந்தைய ஆய்வுகளின் பெருங்குறை என்பேன். அவை பார்த்தது சாயப்பட்டறைக் கழிவுநீரை. அங்கே பிவிஏ கொதிநீரில் கரைந்து, ஆறிய பிறகும் பெரும்பாலும் கரைசலாகவே இருக்கிறது. அதை வரையறைக்கு வெளியே வைத்ததில் எனக்கு மாறுபாடில்லை. தறியடித் தூசோ வெந்நீரையே காணாதது. கூட்டி வாசலில் கொட்டப்பட்டு மழையோடு போகும் தூசு சேருமிடம் வாய்க்கால். அந்த வாய்க்கால் சேருமிடம் கொசஸ்தலை. பூண்டியில் தேங்கிச் சென்னையின் குடிநீராகும் ஆறு அது. முழுமையாக அசிட்டேட் நீக்கிய வகையின் செதிள் அந்த நீரில் ஊறிய சவ்வரிசி போல உப்பி நிற்கும். ஓரளவு கரையும், பெரும்பகுதி வடிவம் குலையாது. ஒரே தறிக்கூடத்தின் ஒரே கஞ்சி கழிவுநீரில் வரையறைக்கு வெளியேயும் தூசில் வரையறைக்கு உள்ளேயும் இருக்கிறது.

'நீர்' என்பதை ஆற்று நீர் என்று வாசிக்க ஆதாரம் உண்டா? அதே திருத்தத்திலேயே இருக்கிறது. மக்கும் பிளாஸ்டிக்கை வரையறுக்கும் இடத்தில் மண், குப்பைமேடு, கழிவுநீர்ச் சேறு, நன்னீர், கடல் என்று சூழல்களை விதி பெயர் சொல்லி அடுக்குகிறது. அங்கே நுண்நெகிழி எஞ்சக் கூடாது என்கிறது. நுண்நெகிழி என்ற சொல்லுக்கு விதியில் வேலை இருப்பது இந்த இடத்தில்தான். ஆகவே கரையாமையையும் அந்தச் சூழல்களின் வெப்பநிலையில் அளப்பதே பொருந்தும். 90 பாகை நன்னீர் எந்த ஆற்றிலும் ஓடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறை லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரைவதை விலக்கி, சோதனை வெப்பநிலையையும் 20 பாகை என்று குறித்திருக்கிறது. அது இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் வெப்பநிலை இல்லாத கரைதிறன் அளவீடாகாது என்பதை அதை வரைந்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

பிவிஏ மக்கக்கூடியது என்பார்கள். பழக்கப்பட்ட பாக்டீரியாக்கள் உள்ள சேற்றில் அது சிதைவது உண்மைதான். ஆனால் இந்திய வரையறை மக்குதலைக் கேட்கவே இல்லை. ஐரோப்பிய விதியும் மக்குதலையும் கரைதலையும் தனித்தனி விலக்குகளாகவே வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் என்பதற்கான 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் பிவிஏ இல்லை என்ற மறுப்பும் வலுவற்றது. அந்தப் பட்டியல் 'போன்ற' என்று தொடங்கும் எடுத்துக்காட்டுப் பட்டியல். அதில் வினைல் இருக்கிறது. உப்பிய செதிள் திண்மமா என்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை: வடிகட்டியில் தங்குகிறது.

கஞ்சி முழுவதும் நுண்நெகிழி என்று நான் சொல்லவில்லை. மாவுச்சத்து செயற்கைப் பலபடியன்று; 88 விழுக்காட்டு வகை மழைநீரிலேயே கரைந்துவிடக்கூடும், பாலியஸ்டர் நூலில் நன்றாக ஒட்டுவதும் கழுவ எளிதானதும் அதுவே. எந்த வகை எந்தத் தறிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமையும்.

இதே மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் கொதிகலன் நீரை மென்மையாக்கும் அயனிப் பரிமாற்றப் பிசினையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். சல்போனேற்றம் செய்த பாலிஸ்டைரீன் சங்கிலி தனியாக இருந்தால் நீரில் கரையும். டைவினைல் பென்சீன் குறுக்குப் பிணைப்பு விழுந்தபின் எத்தனை சூட்டிலும் கரையாது. அந்த மணிகள் பெரும்பாலும் 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் அளவுள்ளவை. ஒரே மூட்டையின் ஒரு பகுதி 1,000 மைக்ரான் எல்லைக்கு உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் விழுகிறது. பலபடியின் பெயரைக் கொண்டு தொகுத்த அட்டவணைகள் இதற்கும் விடை தருவதில்லை. பிவிஏ மூட்டையின் மேல் அசிட்டேட் நீக்கிய விழுக்காடும் பிசின் மூட்டையின் மேல் குறுக்குப் பிணைப்பின் அளவும் அச்சிடப்பட்டு, தறியடித் தூசு 30 பாகை நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டிச் சோதிக்கப்பட்டால் மட்டுமே, எது உள்ளே எது வெளியே என்று எவரும் கூற முடியும்.