சுவரில் பிளாஸ்டிக் பட்டை, பின்னால் ஒரு புரோநோட்டு

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு, ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாள் ஒரு விருந்தாளி வருவார். அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, "சைடிங் மொத்தமும் போச்சு, மாத்தியே ஆகணும், கடனும் நாங்களே வாங்கித் தர்றோம்" என்பார். அவருக்குத் தொண்ணூறு வருடப் பாரம்பரியம் உண்டு.

விமான் நகரில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதற்கு இது என்பீர்கள். வாஸ்தவம். இங்கே சுவர் என்றால் கான்கிரீட்டும் செங்கல்லும்தான்; புனே மழையில் ஓதம் ஏறினால் பெயின்ட் அடிப்போம். ஆனால் இந்தக் கதையில் பாதி வங்கிக் கதை. அதனால் எனக்கும் பாத்தியதை உண்டு.

சைடிங் என்பது வீட்டுக்குப் போடும் சட்டை. முதலில் மரப்பலகை, சில வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுமினியம் பரவியது. 1950களின் கடைசியில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் கிரேன் பிளாஸ்டிக்ஸ் கம்பெனி, முறுக்கு அச்சில் பிழிவதுபோல வினைல் பட்டைகளைப் பிழிந்தெடுத்தது. வினைல் என்றால் பி.வி.சி., நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் அதே சரக்கு. அதே ஒஹாயோவில், பி.எஃப். குட்ரிச் கம்பெனியின் வால்டோ செமன் 1926ல் ரப்பரை உலோகத்தோடு ஒட்டப் பசை தேடப்போய், பி.வி.சி.யை வளைகிற பொருளாக்கினார். அந்தக் குட்ரிச்சின் தொழில்நுட்ப உதவியோடுதான் 1967ல் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. தயாரிக்க ஆரம்பித்தது. சேலத்துக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

நிற்க. சரக்கைவிடப் பெரிய கதை, சைடிங்கை விற்ற விதம். 1934ல் வந்த தேசிய வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவுப்படி, வீட்டைச் சீர்படுத்த வங்கி தரும் கடனுக்கு அமெரிக்க அரசு நஷ்டக் காப்பீடு தந்தது. பெருமந்தத்தில் வேலையின்றிக் கிடந்த தச்சர்களுக்குச் சோறு போட்ட திட்டம். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடன் விண்ணப்பத்தை எழுதி வாங்கியவர் வங்கிக்காரர் இல்லை, சைடிங் விற்க வந்தவர். உங்கள் வீடுதான் எங்களுக்கு மாதிரி வீடு, இதைப் பார்த்து யார் வாங்கினாலும் உங்களுக்குக் கமிஷன், கடைசியில் இனாம் மாதிரிதான் என்பார். வேலை முடிந்ததாகச் சொல்லும் சான்றிதழிலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார். புரோநோட்டை வங்கிக்கு விற்றுவிட்டு அடுத்த ஊர். 1954ல் செனட் விசாரணையில் எல்லாம் சந்தி சிரித்தது. நஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கை வங்கியே தாங்கவேண்டும் என்று அந்த வருடமே சட்டம் வந்தது. சொந்தப் பணம் போகும் என்றால்தான் மேனேஜருக்குக் கண் தெரியும்!

பி.காம். படித்தவர்களுக்கு நம் 1881ம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 9வது பிரிவு நினைவிருக்கும். 'ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்'. குறை தெரியாமல் விலை கொடுத்து நோட்டை வாங்கியவரிடம், விற்றவன் ஏமாற்றினான் என்று முறையிட முடியாது. அமெரிக்காவிலும் இதே தத்துவம்தான். பட்டை காற்றில் பறந்தாலும் தவணை நிற்காது. 1975ல் மத்திய வர்த்தக ஆணையம் போட்ட விதிதான் இதை மாற்றியது: விற்றவரிடம் சொல்லக்கூடிய ஆட்சேபத்தை, நோட்டு வைத்திருப்பவரிடமும் சொல்லலாம். வீடு தேடி வந்து விற்றதை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் 1970களில் வந்ததுதான்.

இனி, விருந்தாளி சொல்லாத விஷயம். உடைந்தது ஒரு பட்டை என்றால் ஒன்றை மாற்றினால் போதும். ஒவ்வொரு பட்டையின் அடி ஓரமும் கீழ்ப்பட்டையில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். மேல் ஓரத்தில்தான் ஆணி. 'ஜிப் டூல்' என்று வளைந்த நாக்கு வைத்த கைக்கருவி, சில டாலர்தான். உடைந்ததற்கு மேலே இருக்கும் பட்டையின் அடியில் அதைச் செருகி, கீழே இழுத்தபடி ஓரமாக நகர்த்தினால் பூட்டு திறந்துகொண்டே போகும். உள்ளே ஆணி தெரியும். நெம்பி எடுத்து, உடைந்ததைக் கழற்றி, புதியதைக் கீழே மாட்டி, மேலே ஆணி அடித்து, அதே கருவியால் மறுபடி பூட்டலாம். வெட்டுவதற்குத் தகரக் கத்தரி. மாடி உயரம் என்றால் மட்டும் ஆள் வையுங்கள்.

ஆணியை இறுக்கவே கூடாது. நீளத் துளையின் நடுவில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடிக்கவேண்டும். பன்னிரண்டு அடிப் பட்டை கோடைக்கும் குளிருக்கும் நடுவே சுமார் அரை அங்குலம் நீண்டு சுருங்கும். இறுக்கினால் அலை அலையாய் நெளியும். கடுங்குளிரில் தொடவேண்டாம், வினைல் நொறுங்கும்.

நிறம் பொருந்தாதே என்றும் பயமுறுத்துவார்கள். வெயிலில் வெளுத்த பட்டை ஒன்றைப் பின்பக்கச் சுவரிலிருந்து கழற்றி முன்னால் போடுங்கள். புதியது பின்பக்கம் போகட்டும்.