மாரடைப்பின்போது உயரும் இரத்தச் சர்க்கரை

மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வருவோர் பலருக்கு, முதல் இரத்தப் பரிசோதனையிலேயே சர்க்கரை அளவு உயர்ந்து காணப்படுகிறது. அதுவரை நீரிழிவு நோய் இல்லாதவர்களுக்கும் இவ்வாறு நேரலாம். இவ்வுயர்வு இதயத்தின் இரத்த ஓட்டத்துடன் தொடர்புடையது என்பதால், இரு சாராரும் இதனைப் பொருட்படுத்த வேண்டும்.

சர்க்கரை ஏன் உயர்கிறது?

மாரடைப்பு உடலுக்குக் கடும் நெருக்கடியாகும். அந்நேரத்தில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. இவை கல்லீரலிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்வதுடன், இன்சுலினின் செயல்திறனையும் குறைக்கின்றன. மருத்துவமனையில் உள்ளவருக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 140 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பின் அது உயர்வாகக் கருதப்படுகிறது.

இரத்த ஓட்டத்திற்கு என்ன நேர்கிறது?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்திய பின்னரும், சிலருக்கு நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஓட்டம் சீராவதில்லை. மடையைத் திறந்த பின்னும் கடைமடை வயலுக்கு நீர் சென்று சேராததைப் போன்றது இது. சேர்க்கையின்போது சர்க்கரை உயர்ந்திருப்பவர்களிடம் இந்நிலை அதிகம் காணப்படுகிறது.

சர்க்கரை மிகும்போது இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரத்தக்குழாய்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. அழற்சியும் கூடுகிறது. அதேவேளை, மாரடைப்பு கடுமையாக இருப்பதன் அடையாளமாகவும் சர்க்கரை உயரக்கூடும்.

உடனே முற்றிலும் குறைத்துவிடலாமா?

கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சர்க்கரையை 81 முதல் 108 வரை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில், 180 வரை அனுமதித்த பிரிவைக் காட்டிலும் இறப்புகள் அதிகமாயின. தாழ்சர்க்கரையும் இதயத்திற்குத் தீங்கானது. ஆகவே மருத்துவர்கள் பொதுவாக 180-க்கு மிகாமல், மிகவும் தாழ்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்கின்றனர்.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவை

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழைக்கவும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியின்றியும் மாரடைப்பு வரலாம்.
• சர்க்கரை குறையட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். கூடுதல் மாத்திரையோ இன்சுலினோ தாமாகத் தர வேண்டாம். அடைப்பை நீக்குவதே முதல் சிகிச்சை.
• உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டை எடுத்துச் செல்லவும். கடைசியாக மருந்து எடுத்த நேரத்தையும் கூறவும்.
• சிகிச்சையின்போது நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினால் செவிலியரிடம் உடனே தெரிவிக்கவும்.

வீடு திரும்பிய பின்

கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை எச்பிஏ1சி பரிசோதனை காட்டும். 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு முன்பே இருந்திருக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும், "அப்போதைய அதிர்ச்சியில் ஏறியது" என்று விட்டுவிடாமல், மருத்துவர் குறிப்பிடும் நாளில் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாரடைப்பின்போது சர்க்கரை உயர்ந்தவர்களுள் பலருக்குப் பின்னாளில் நீரிழிவு கண்டறியப்படுகிறது. அதை முன்கூட்டியே அறிந்து சிகிச்சை பெறுவது அடுத்த மாரடைப்பைத் தடுக்கும் முயற்சியின் ஒரு பகுதியாகும்.