பவளத் தொட்டி

பவள உயிரிகளையும் கடல்மீன்களையும் உப்புநீரில் சேர்த்து வளர்க்கும் வீட்டுக் கண்ணாடித் தொட்டி. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறையும் காற்றுக்குமிழியும் போதும் என்று 1961இல் எழுதிய முறை இதன் முன்னோடி.

பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சுழற்சி நிலைபெறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் மீனை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைப்பார்கள். வெப்பநிலை 25–26 டிகிரி செல்சியஸ். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. புதியவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். சிறிய தொட்டி எளிது என்பதும் மயக்கமே: 40 லிட்டரில் உடனே தெரியும் கேட்டை 200 லிட்டர் தாங்கிக்கொள்ளும். பவளத் திசுவில் வாழும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவளிப்பதால் வலுவான விளக்கு தேவை.

இந்தியாவில் பவளப்பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுத்துவருவது குற்றம். கோமாளி மீனுக்கு அந்தத் தடை இல்லை. அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் நுட்பம் அந்த வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் ஊரிலேயே உண்டு.